ஐந்து கையெழுத்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் பகுதியைச் சேர்ந்த நால்வர், நால்வருமே எனக்கு நெடுநாளாய்ப் பழக்கமுள்ளவர்கள், ஒரு மனுவை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். சேதராப்பட்டில் திருட்டும் வழிப்பறியும் அடிதடியும் அளவு கடந்து பெருகிவிட்டன என்றும், தொழிற்பேட்டையை நம்பி வடமாநிலங்களிலிருந்து வந்து குவிந்திருக்கும் தொழிலாளர்களே அதற்கு மூலகாரணம் என்றும், ஆகவே அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தி, ஏற்கெனவே குடியிருப்போரின் பெயர், படம், கைரேகை முதலியவற்றைக் காவல் நிலையத்தில் பதிவுசெய்து, இரவு ஒன்பது மணிக்குப் பின் அவர்கள் கூட்டமாகத் தெருவில் நடமாடாதபடி தடுக்கவேண்டும் என்றும் அந்த மனு வேண்டிக்கொண்டது. "ஐயா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா இன்னும் பத்துப் பேர் போடுவாங்க" என்று அவர்களில் இளையவர் சொன்னார். அன்று நான் கையெழுத்திடவில்லை. ஏன் இடவில்லை என்பதைத் திண்ணையில் உட்கார்ந்தபடி நாலு வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்று தோன்றியதால், யோசித்துச் சொல்வதாக அவர்களை அனுப்பிவைத்தேன். அந்த யோசனையையே இங்கே விரித்து எழுதுகிறேன். ஏனெனில் அந்த மனுவில் கண்ட அபிப்பிராயம் அந்த நால்வருக்கு மட்டும் சொந்தமானதாயிருந்தால் அவர்களோடு பேசி முடித்திருப்பேன். டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும், படித்தவர் படியாதவர் என்ற பேதமில்லாமல், இன்று புதுச்சேரி முழுவதும் சித்தாந்தம்போல் நிலைத்துவிட்ட அபிப்பிராயம் அது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஜனங்களுடைய பயம் பொய்யானதன்று. இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண், கம்பெனி வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரையில் கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கஞ்சாப் பொட்டலம் பள்ளிக்கூடப் பையன்கள் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது என்பதையும், நாட்டு வெடிகுண்டும் வீச்சரிவாளும் புதுச்சேரியின் பெயரைப் பத்திரிகைகளில் பலமுறை கெடுத்திருக்கின்றன என்பதையும் மறுப்பவன் உண்மையை மறுப்பவனே. ஆகையால் 'இங்கே குற்றமே இல்லை' என்று வாதிப்பது என் நோக்கமன்று. குற்றம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்த மனு கூறும் விடை தவறானது என்பதும், தவறான விடையைப் பற்றிக்கொண்டு செய்யப்படும் பரிகாரம் நம் பெண்களையும் பிள்ளைகளையும் இப்போதிருப்பதைவிட அதிக அபாயத்தில் கொண்டுபோய் விடும் என்பதுமே நான் சொல்ல வந்த விஷயம்.

புதுச்சேரி நகரத்திலிருந்து பத்துக்கண்ணு வழியாக மயிலம் போகும் சாலையில் சேதராப்பட்டு இருக்கிறது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இந்தக் கிராமத்தில், வரிச்சலுகையையும் மலிவான மின்சாரத்தையும் உத்தேசித்து முதலாளிகள் புதுச்சேரிக்கு வந்த காலத்தில், தொழிற்பேட்டை எழுந்தது. கேழ்வரகும் மணிலாவும் விளைந்த நிலத்தில் தகரக் கூரைகள் வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் யுத்தங்களும் உடன்படிக்கைகளும் விட்டுச்சென்ற துண்டு துண்டான எல்லை, 1954இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும், 1962இல் சட்டப்படி பிரதேசம் முழுவதும் கைமாறிய பிறகும், அப்படியே இருக்கிறது. சாலையில் சற்று நடந்தால் வானூர் வட்டம், அதாவது தமிழ்நாடு. இன்னும் சற்று நடந்தால் மறுபடியும் புதுச்சேரி. ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. முதலில் சுற்றுக் கிராமத்தார் போனார்கள். பிறகு நம் பிள்ளைகள் டிப்ளமோவும் பட்டமும் படித்து, உலைக்கு முன்னும் பிளாஸ்டிக் அச்சு இயந்திரத்துக்கு முன்னும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க மனமில்லாமல் வேறு வேலை தேடிக்கொண்டபோது, காலியான அந்த இடத்தில் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு ஓர் அறையில் எட்டுப் பேர் பத்துப் பேர் என்று வாடகைக்கு விட்டு மாதம் தவறாமல் பணம் வாங்குகிறவர்கள் நம்மவர்கள். மனுவில் கையெழுத்திட்ட சிலருடைய வீட்டு மாடியிலேயே அந்த அறைகள் இருக்கின்றன.

குற்றம் பெருகிவிட்டது என்பதற்கு ஆதாரமாக எண்களைக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எண்களைக் கண்டு நான் அஞ்சுவதில்லை. ஆனால் அவை எதை எண்ணுகின்றன என்று கேட்காமல் அவற்றை வணங்குவதற்கும் நான் தயாரில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தொகுதி, காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் கணக்கு. நடந்த குற்றங்களின் கணக்கன்று. வழக்குப் பதிவு கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று கொள்வது தவறு என்பதை அந்தக் காப்பகமே தன் முன்னுரையில் எச்சரிக்கிறது. புகார் கொடுக்க வருபவரை உட்காரவைத்து எழுதிக்கொள்ளும் ஊரில் எண்ணிக்கை உயர்ந்து தோன்றும்; "போய் நாளைக்கு வா" என்று விரட்டும் ஊரில் குறைந்து தோன்றும். மேலும், புதுச்சேரி நான்கு பிரதேசங்களும் சேர்ந்து 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி 12,47,953 பேர் வாழும் சிறு நாடு. லட்சம் பேருக்கு இத்தனை என்று வீதம் போடும்போது, ஓராண்டில் பன்னிரண்டு கொலை கூடினாலே அந்த வீதம் ஒன்று ஏறிவிடும். பெரிய மாநிலமொன்றில் பல நூறு கூடினாலொழிய அந்த ஏற்றம் தெரியாது. சேதராப்பட்டு போன்ற பேட்டைப் பகுதிக்கு இன்னொரு கோளாறும் உண்டு. பகலிலும் இரவிலும் ஷிப்டுக்கு வந்துபோகிறவர்களும், அறைகளில் நெருங்கி வாழ்கிறவர்களும் குடிக்கணக்கில் சேராதவர்கள். அவர்கள் சம்பந்தப்பட்ட தகராறும் விபத்தும் திருட்டும் மட்டும் வழக்குக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. வகுக்கும் எண்ணில் இல்லாத மனிதர்களை வகுபடும் எண்ணில் மட்டும் சேர்த்தால், எந்த ஊரும் கொடிய ஊராகத்தான் தோன்றும்.

இனி, குற்றம் செய்பவர் யார் என்ற விஷயத்துக்கு வருவோம். அதே காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் அவ்வாண்டு பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றுள் தகராறு காரணமாக நிகழ்ந்தவை 9,962. தனிப்பட்ட பகை காரணமாக நிகழ்ந்தவை 3,761. பொருளை அபகரிக்கும் நோக்கத்தோடு நிகழ்ந்தவை 1,884. தகராறு என்றால் என்ன? வரப்புத் தகராறு, சொத்துத் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடும்பச் சண்டை. முகமறியாத அந்நியன் இருட்டிலிருந்து பாய்ந்து கொல்லும் கதையை நாம் அஞ்சி அஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்க, கொலைகாரன் பெரும்பாலும் இறந்தவனுக்குப் பெயர் தெரிந்தவனாக, பல சமயங்களில் ஒரே பந்தியில் உண்டவனாக இருக்கிறான். பெண்களுக்கு இழைக்கப்படும் வன்கொடுமையில் இது இன்னும் பிரத்தியட்சம்: பதிவாகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன், உறவினன், அண்டைவீட்டான், வேலை கொடுத்தவன், மணந்துகொள்வதாக வாக்களித்தவன். 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையை நினைக்கையில் இன்றும் நெஞ்சு பதறுகிறது. புதுச்சேரியே கடையடைத்துத் தெருவில் இறங்கி அழுத நாட்கள் அவை. அந்த வழக்கில் கைதானவர்கள் தூரதேசத்திலிருந்து வந்தவர்களல்லர். அந்தப் பகுதியிலேயே வாழ்ந்தவர்கள். அந்நியனையே காவல் செய்துகொண்டிருக்கும் ஊர் தன் தெருப் பிள்ளையைத் தன் தெருக்காரனிடமிருந்து காக்க மறந்துவிடுகிறது. மனு என்னை வருத்தியது முக்கியமாக இந்தக் காரணத்தினால்தான்: அது நம் பார்வையைத் தவறான வாசலின்மேல் நிறுத்துகிறது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தை ஆராய்ந்த கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே என்ற இரு சமூகவியலறிஞர்கள் 1942இல் வெளியிட்ட ஒரு நூலின் முடிவு இங்கே ஆழ்ந்து யோசிக்கத் தக்கது. ஆலைகளையும் கிடங்குகளையும் ஒட்டிய அந்நகரத்தின் ஏழைப் பகுதிகளில் பல பத்தாண்டுகளாகக் குடிவந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் போனார்கள், போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தார்கள், அவர்களுக்குப் பின் வேறொரு கூட்டம் வந்தது. ஒவ்வொரு கூட்டம் வந்தபோதும், 'இவர்களால்தான் ஊர் கெட்டது' என்று முன்னவர்கள் சொன்னார்கள். ஆனால் சிறுவர் குற்றத்தின் அளவு அந்தப் பகுதிகளில் ஏறக்குறைய ஒரேவிதமாகவே இருந்துவந்தது. அங்கிருந்து வசதி பெற்று வேறு பகுதிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது குறைந்தது. குற்றம் ஜாதியோடும் தேசத்தோடும் கூட வரவில்லை. நெருக்கடியும் வறுமையும் கேட்பாரற்ற நிர்வாகமும் உள்ள இடத்தில் அது முளைத்தது என்பதே அவர்கள் கண்டது. சேதராப்பட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்க விசேஷ ஞானம் எதுவும் வேண்டியதில்லை.

சிகாகோ வரையில் போகாமல் நம் ஊரின் சரித்திரத்தையே புரட்டினாலும் போதும். 1911இல் இதே புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு, வெளியிலிருந்து வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள் அனைவரும் தங்களைப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்றும், அவர்களுடைய நன்னடத்தைக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஐவர் சாட்சிக் கையெழுத்திடவேண்டும் என்றும் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஓடிவந்தவர்களால் ஊரின் அமைதி கெடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த அபாயகரமான அந்நியர்கள் யார்? 1908இல் சென்னையிலிருந்து வந்த சுப்பிரமணிய பாரதி. 1910இல் வந்த அரவிந்தர். அதே ஆண்டில் வந்த வ. வே. சு. ஐயர். அவர்கள் வீட்டு வாசலில் ஆங்கிலேயரின் உளவாளிகள் இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள், தபால்கள் களவாடப்பட்டன, பழக்கம் வைத்துக்கொண்டவர்களுக்கும் சந்தேகத்தின் சாயல் ஒட்டிக்கொண்டது. அன்று சங்கரச் செட்டியார் முதலான புதுவைவாசிகள் ஐவர் அரவிந்தருக்காக முன்வந்து கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்தினால் அவர்களுக்கு லாபம் ஒன்றுமில்லை; ஆட்சியாளரின் அதிருப்தியே கிடைக்கக்கூடியது. பாரதி வாழ்ந்த வீட்டையும் அரவிந்தரின் ஆசிரமத்தையும் வெளியூரார்க்குக் காட்டிப் பெருமைப்படுகிற நாம், அந்த ஐவரை நினைத்துப் பார்க்கவேண்டும். இன்று பிழைக்க வந்திருக்கும் கூலித் தொழிலாளியைப் பாரதியோடு ஒப்பிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். 'வந்தவன்' என்பதனாலேயே ஒருவனைக் குற்றவாளியாகக் கொள்ளும் மனப்பான்மை எவ்வளவு பெரிய தவறுகளைச் செய்யவல்லது என்பதைச் சொல்கிறேன்.

வந்தவன் மீது மட்டுமா? பிறந்தவன் மீதும் அந்த முத்திரை குத்தப்பட்டதுண்டு. 1871இல் வட இந்தியாவில் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்துசேர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு ஜாதியில் பிறந்ததையே குற்றத்துக்குச் சாட்சியாக்கிற்று. ஆடவரெல்லாம் கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுத்து, ஊரைவிட்டுப் போவதானால் சீட்டு வாங்கவேண்டும் என்ற கொடுமையை எதிர்த்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் நாள், போலீசாரின் துப்பாக்கிக்குப் பதினாறு பேர் பலியானார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், தேசம் முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அது அமலில் இருந்த காலத்தில் திருட்டு ஒழிந்துவிட்டதா? இல்லை. நேர்மையாக உழைத்து வாழ விரும்பியவனுக்கும் அந்த முத்திரையே கால்விலங்காயிற்று, அவ்வளவே. பெயரும் படமும் கைரேகையும் என்று மனுவில் படித்தபோது என் மனம் பெருங்காமநல்லூருக்குத்தான் போயிற்று.

முதலியார்பேட்டைப் பக்கத்து ஆலைத் தொழிலாளரையும் ஒரு காலத்தில் கனவான்கள் அப்படித்தான் நினைத்தார்கள். குடியும் சண்டையுமாகத் திரிகிற கூட்டம் என்று அவர்களைப் பேசியவர்களின் காதில், 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையின் முன் பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிச் சத்தம் விழுந்தது. பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்த ரத்தத்தின் வழியாகவே நமக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறோம். இப்போது பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குமேல் தெருவில் நடக்கிறவனைத் தடுக்கவேண்டும் என்கிறோம். இரண்டாவது ஷிப்ட் விடுவதே பத்து மணிக்கு. அவன் எந்த வழியாக அறைக்குப் போவான் என்று மனுவை எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு பகுதிக்குக் கெட்ட பெயர் வைப்பதனால் விளையும் தீங்கைச் சென்னையில் நேரே காணலாம். கூவம் கரையிலும் நகரத்தின் நடுவிலும் குடிசைகளில் வாழ்ந்தவர்களைப் பெயர்த்து, 2000ஆம் ஆண்டு முதல் பழைய மகாபலிபுரம் சாலையருகே கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு வீடுகளில் குடியேற்றினார்கள். வேலையிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் வெகுதூரம் வீசப்பட்ட அந்த ஜனங்களுக்கு விரைவிலேயே இன்னொரு சுமையும் ஏறியது: 'கண்ணகி நகர்' என்று விலாசம் சொன்னால் வேலை கொடுப்பவர் முகம் மாறியது, கடன் கொடுப்பவர் கை இழுத்துக்கொண்டது. வேலை மறுக்கப்பட்ட வாலிபன் எந்தப் பக்கம் போவான் என்று யோசிக்காமல், அவன் அந்தப் பக்கம் போனபோது மட்டும் "சொன்னோமே" என்றார்கள். அதே கண்ணகி நகரின் கபடித் திடலில் பயின்ற கார்த்திகா என்ற பெண், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்திய மகளிர் அணி தங்கம் வென்றபோது அதன் துணைத்தலைவியாக நின்றாள். நாடு கொண்டாடியது. கபடித் திடலும் பயிற்றுநரும் கிடைத்த இடத்தில் அவ்வளவு செய்ய முடிந்த ஊருக்கு, இருபத்தைந்து ஆண்டுகளாகச் சந்தேகத்தைத் தவிர வேறெதையும் நாம் தாராளமாகக் கொடுக்கவில்லை.

சந்தேகம் கையில் கல்லெடுக்கவும் தயங்காது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று செல்போன்களில் பரவிய புரளியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்து அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழிகேட்டு நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. அவள் வடக்கிலிருந்து வந்தவளல்லள். நம்மைப்போல் தமிழ் பேசியவள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை சந்தேகத்தின்பேரில் ஐவர் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்ட பின் சென்னையில் வாடகைக்காரர் அனைவரின் விவரமும் கேட்கப்பட்டது. வடவர் முகம் கண்டாலே வீடில்லை என்று சொல்லும் வழக்கம் அப்போது வலுத்தது. 2023 மார்ச்சில் திருப்பூரிலும் சென்னையிலும் வடவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப்படங்கள் பரவியபோது, ஆயிரக்கணக்கானோர் அச்சத்தோடு ரயில் ஏறினார்கள். அந்தப் படங்கள் பொய். அவர்களுடைய பயம் மெய். ஒரே தெருவில் இரு தரப்பும் ஒருவரையொருவர் அஞ்சிக்கொண்டு கதவைத் தாழிட்டால் அந்தத் தெரு யாருக்குச் சொந்தமாகும்? நிஜமான திருடனுக்கு.

நிஜமான திருடன் யாரைத் தேடிப் போகிறான் என்பதை நான் கண்ணால் கண்டேன். எங்கள் தெருமுனை அறையில் குடியிருக்கும் ஒரிசாப் பையன் ஒருவன், சம்பளநாள் இரவில், கையில் வாங்கிய கூலிப் பணத்தோடு வந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கத்தியைக் காட்டிப் பணத்தையும் போனையும் பறித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பேசியது சுத்தமான நம் வட்டாரத் தமிழ். பையனை அழைத்துக்கொண்டு நான் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். சம்பவம் நடந்த இடம் அடுத்த மாநிலத்து எல்லைக்குள் வருகிறது என்றார்கள். அடுத்த நிலையத்துக்குப் போனோம். இங்கே வராது என்றார்கள். மூன்றாம் நாள் அந்தப் பையன், "விடுங்க சார், லீவு போட்டா மேஸ்திரி வேலையை விட்டு அனுப்பிடுவார்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். அந்தக் குற்றம் எந்தக் கணக்கிலும் இல்லை. புகார் கொடுக்க முடியாதவனைக் கொள்ளையடிப்பது சுலபம் என்று கற்றுக்கொண்ட அந்த இருவர், பழகிய கையோடு நாளை நம் வீட்டுப் பெண்ணின் சங்கிலிக்கு வருவார்கள். எந்த எல்லையில் நடந்ததாயினும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவாகவேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மூன்று ஃபர்லாங்குக்கு ஒருமுறை மாநிலம் மாறும் எங்கள் பகுதிக்கு அதைவிட உபயோகமான சட்டம் வேறில்லை. மனுவில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது.

இருட்டைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று சேதராப்பட்டிலும் கரசூரிலும் எழுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் குடியானவர்களிடமிருந்து எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை, நிலம் பதினைந்தாண்டுக்குக் குறையாமல் தரிசாகக் கிடந்து வேலிகாத்தான் மண்டியது. உழவனும் மாடு மேய்க்கிற பையனும் களை எடுக்கிற பெண்களும் நடமாடிய இடம், கூப்பிட்டால் குரல் கேட்காத இடமாகியது. நகரத்தின் பாதுகாப்பைத் தெருவில் பதியும் கண்களே காக்கின்றன என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1961இல் ஒரு நூலில் விளக்கினார். நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவந்தார்கள். திண்ணையை இடித்துச் சுற்றுச்சுவர் எழுப்பினோம். வயலை எடுத்துக்கொண்டு முட்காடு கொடுத்தார்கள். அப்புறம், இரவில் பயமாயிருக்கிறது என்கிறோம். பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குக் காரணமானவர்கள் மாடி அறையில் அலுத்துத் தூங்குகிறவர்களல்லர்.

குடியைப் பற்றிப் பேசாமலும் இந்த விஷயம் முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கம் சாராயக்கடைக்கு அரசே உரிமம் கொடுத்துக் கலால் வருமானம் பெறுகிறது. அந்தப் பக்கம் சாராயம் விலக்கு. ஆகவே மாலையானால் இரு பக்கத்து ஜனங்களும் இங்கே கூடுகிறார்கள். அடிதடியில் பாதி அந்த வாசலில் பிறக்கிறது. விஷச்சாராயத்தைப் பாருங்கள்: 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பக்கங்களில் இருபதுக்கு மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால். அது குடிசையில் காய்ச்சுகிற சரக்கன்று. ரசாயன ஆலைக்குரிய சரக்கு. பீப்பாயில் ஏறிக் கணக்குப் புத்தகத்தின் வழியாக வெளியே வருவது. அதை விற்றவர்கள் வாழ்ந்த தெருவுக்கு ரௌடித் தெரு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அங்கே வாடகைக்கு வருபவரின் கைரேகையை யாரும் கேட்கவில்லை.

உயிருக்கு அபாயம் என்பதை உயிரின் கணக்காலேயே அளப்பதானால், 2022இல் கொலையுண்டவர்களைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு பேர், அதாவது 1,68,491 பேர், இந்தியாவின் சாலைகளில் மாண்டார்கள். திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் கல்லும் ஏற்றிக்கொண்டு விரையும் லாரிகளுக்கும், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று விரையும் கம்பெனி வண்டிகளுக்கும் இடையில், ஓரநடை இல்லாத சாலையில் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். அந்த லாரிக்கு எதிராக அறுபது கையெழுத்து வாங்க நமக்குத் தோன்றவில்லை.

"ஆனாலும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருந்தால் என்ன தப்பு?" என்று அந்த இளைஞர் கேட்டார். அவருடைய வாதத்தில் வலுவான பகுதி இதுவே. இதற்கு நேரான விடை தரக் கடமைப்பட்டிருக்கிறேன். பட்டியல் வேண்டியதுதான். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் கடமையை மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதே ஒப்பந்தக்காரர் தலையில் சுமத்திற்று: ஒவ்வொரு தொழிலாளிக்கும் படத்தோடு கைப்புத்தகம் தரவேண்டும், அதில் கூலி எவ்வளவு, வேலை எது, எத்தனை நாளைக்கு என்று எழுதவேண்டும், பயணப்படியும் தங்க இடமும் தரவேண்டும். அந்தப் புத்தகம் தொழிலாளியின் கையில் இருந்தால், கூலி வங்கிக் கணக்குக்குப் போகும், சம்பளநாள் இரவில் கத்திக்கு வேலையிராது, ஆள் காணாமற்போனால் தேட வழியிருக்கும், உலை வெடித்துச் செத்தால் தாய்க்குச் செய்தியும் நஷ்டஈடும் போகும். தொழிலாளர் இலாகாவில் கூலிக்காக எழுதப்படும் பெயருக்கும், காவல் நிலையத்தில் சந்தேகத்துக்காக எழுதப்படும் பெயருக்கும் எழுத்து ஒன்றே; முன்னதில் பெயருள்ளவன் புகார் சொல்ல வருவான்; பின்னதில் பெயருள்ளவன் தான் கண்ட குற்றத்தைச் சொல்லவும் வரமாட்டான். இரவில் விழித்திருக்கிற, தெருவில் நடக்கிற, எது நடந்தாலும் முதலில் பார்க்கக்கூடிய ஆயிரக்கணக்கான கண்களை அந்த மனு மூடிவிடுகிறது.

நேற்று மாலை அவர்கள் மறுபடியும் வந்தார்கள். மனுவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் எழுதிவைத்திருந்த வேறொரு தாளையும் கொடுத்தேன். பேட்டை வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரையில் எரியாத விளக்குக் கம்பங்களின் எண்கள் அதில் இருந்தன. அவற்றை நடந்துபோய் எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். இரவு பத்து மணி ஷிப்டுக்குப் பின் புதுச்சேரிக்கு ஒரு பஸ், எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவுசெய்யும்படி இரு மாநில அதிகாரிகளின் கூட்டு உத்தரவு, கைப்புத்தகம் தராத ஒப்பந்தக்காரர் மீது நடவடிக்கை, பள்ளிக்கூடப் பக்கத்தில் லாரி போக நேரக் கட்டுப்பாடு, பள்ளிக்கு அருகில் கஞ்சா விற்பவனைப் பிடிக்கத் தனிப் பிரிவு என்று அதில் எழுதியிருந்தது. அடியில் என் கையெழுத்தும், அதன்கீழே அந்த ஒரிசாப் பையன் தமிழில் எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்தும் இருந்தன. மூவர் அதை மடித்து எடுத்துக்கொண்டு, படித்துப் பார்ப்பதாகச் சொல்லி எழுந்தார்கள். இளையவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கம்பங்களின் எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்துவிட்டு, "ஐயா, பதினேழாம் கம்பத்தை விட்டுட்டீங்க, அதுவும் எரியறதில்ல, என் தங்கச்சி அந்த வழியாத்தான் வரும்" என்று சொல்லி, என் பேனாவைக் கேட்டு வாங்கினார்.